நேர்கோட்டில் வரும் வெள்ளம்

ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று ஆர்விட் டோலெஃப்ஸன் மூச்சிரைக்கப் போய்ச் சொன்னபோது, ஹால்வர் மாவட்ட வெள்ள முன்னேற்பாட்டு அலுவலகத்தில் யாரும் பதறவில்லை. எந்தச் சமன்பாட்டின்படி ஏறுகிறது என்று மட்டும் கேட்டார்கள்.

ஆர்விட்டுக்குப் பதற்றம் இருந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்காவின் வட டகோட்டாவில் அந்த ஆறு வடக்கு பார்த்து ஓடுகிறது. ஏப்ரலில் தெற்கே பனி உருகித் தண்ணீர் கிளம்பி வரும்போது வடக்கே ஆறு இன்னும் கல்லாக உறைந்து கிடக்கும். போக வழியில்லாத தண்ணீர், கூப்பிடாத விருந்தாளியாகக் கரையோர வீடுகளுக்குள் நுழையும். ஊர்க்காரர்களுக்கு இது பழகிய சங்கதிதான். நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிவிட்டு உறவுக்காரர்கள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். இந்த வருஷம் ஆர்விட்டால் அப்படிப் போக முடியாது. பிப்ரவரியில் அவர் மனைவி மிர்னா வாசலில் ஐஸ் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். முதல் ஆபரேஷன் சரியாகாமல் இரண்டாவதும் செய்து, முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். அவளை அசைக்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு.

கொல்லையில் ஆற்றோர மரத்தில் அடி அடியாகக் குறித்த பலகை ஒன்றை ஆர்விட் அறைந்து வைத்திருந்தார். முதல் நாள் காலையில் பதினொன்று. மறுநாள் பதின்மூன்று. அதற்கும் மறுநாள் பதினைந்து. இருபத்து மூன்றைத் தொட்டால் தண்ணீர் வாசற்படியைத் தொடும். காரை எடுத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"மணல் மூட்டை வேணும்மா. வீட்டைச் சுத்தி அடுக்கற அளவுக்கு. என் சம்சாரம் படுத்த படுக்கையா இருக்கா" என்றார்.

கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெர்னடீன் க்ராப் கனிவான பெண்மணி. "அதுக்கென்ன சார், தாராளமா தரலாம். உங்க கோடு எங்க?"

"என்ன கோடு?"

"உங்க வீட்டுத் தண்ணி எந்தக் கோட்டுல ஏறுதுன்னு தெரியாம நாங்க எப்படி மூட்டை அனுப்பறது?"

"மூணு நாளா பாத்து எழுதி வெச்சிருக்கேன். இந்தாங்க."

அவள் அதைக் கையில் வாங்காமலே பார்த்தாள். "இது வெறும் அட்டவணை சார். அட்டவணைக்கு மூட்டை கிடையாது. சமன்பாட்டுக்குத்தான். சாயந்தரம் சர்ச் ஹால்ல வகுப்பு இருக்கு, போய் உக்காருங்க. காப்பி உண்டு."

முன்பெல்லாம் அந்த அலுவலகம் வெள்ளத்தின்போது ஏச்சும் பேச்சும் வாங்கிக்கொண்டிருந்தது. சத்தம் போட்டவனுக்கு மூட்டை போனது, சத்தம் போடாதவன் வீடு போனது. புது இயக்குநராக டாக்டர் வின்ஸ்லோ ப்ரூயிட் வந்த பிறகு நிலைமை சீர்பட்டுவிட்டது. 'ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கோடு' என்று பெரிதாக எழுதிச் சுவரில் மாட்டினார். அதன்பின் அலுவலகத்தை யாராலும் குறை சொல்ல முடியவில்லை. குறையெல்லாம் கோட்டில்தான் இருந்தது, கோடு அவரவர் போட்டது.

சாயந்தரம் லுத்தரன் சர்ச் ஹாலில் கரையோரத்துக் குடும்பங்கள் எல்லாம் சேற்றுப் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தன. சபைப் பெண்கள் ஹாட்டிஷ் என்ற சூடான கறிக்கலவையைப் பரிமாறினார்கள். உருளைக்கிழங்கும் கறியும் ஆவி பறக்க இருந்தும் யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. வெளியே ஆற்றில் ஐஸ் பிளக்கும் சத்தம் அவ்வப்போது பீரங்கி வெடிப்பதுபோலக் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் ஹாலே நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தது.

"கவனம் இங்க இருக்கட்டும்" என்றார் ப்ரூயிட். ஒல்லியான, சலவை மடிப்புக் கலையாத மனிதர். "மேல் வரிசை x, அதாவது நாள். கீழ் வரிசை y, அதாவது தண்ணி. y எவ்வளவு கூடியிருக்கு, அதுக்குள்ள x எவ்வளவு கூடியிருக்கு? இதை அதால வகுத்தா வர்றது சாய்வு. அப்புறம் ஒரு நாள் பின்னால போங்க, பூஜ்யமாம் நாளுக்கு. அங்க தண்ணி எவ்வளவோ அதுதான் வெட்டுத்துண்டு. அவ்வளவுதான்! இதுக்கா பயந்தீங்க?"

இதற்குப் பயந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் எல்லோரும் பென்சிலைக் கையில் எடுத்தார்கள்.

ஆர்விட் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் காலமெல்லாம் கிழங்கு கழுவியவர். x-ஐப் பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகியிருந்தார். ஆனாலும் பயம் வந்தால் எதுதான் வராது? பதின்மூன்றிலிருந்து பதினொன்றைக் கழித்தார், இரண்டு. பதினைந்திலிருந்து பதின்மூன்று போனாலும் இரண்டு. நாளுக்கு இரண்டு அடி, சாய்வு இரண்டு. முதல் நாளுக்கு முந்தைய நாள் என்றால் பதினொன்றில் இரண்டு போக ஒன்பது. y = 2x + 9. எழுதி முடித்ததும் தண்ணீரையே கட்டிப்போட்டுவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி முழுசாக ஒரு நிமிஷம் இருந்தது.

"இந்தக் கோடு வர்றதுக்கு முன்னாடி இந்த மாவட்டத்துல தண்ணி மட்டும்தான் இருந்துச்சு" என்றார் ப்ரூயிட், கண் பனிக்க. "இன்னிக்கு நம்மகிட்ட ஒரு கொள்கை இருக்கு. போன வருஷம் இங்க ஒரு வீடு மூழ்கிச்சு. எந்த நாள் மூழ்கும்னு எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதே நாள்தான் மூழ்கிச்சு! அந்தக் குடும்பத்துக்கு நாங்க பாராட்டுக் கடிதம் கொடுத்தோம்."

கூட்டத்தில் யாரோ கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஆர்விட்டின் சமன்பாட்டுக்கு அங்கேயே முத்திரை விழுந்தது. பெர்னடீன் கணக்குப் போட்டுச் சொன்னாள்: "இருபத்து மூணு வரணும்னா ஏழாம் நாள் ஆகும். ஏழாம் நாள் காலைல லாரி உங்க வாசல்ல நிக்கும் சார்."

"இன்னிக்கு மூணாம் நாள்தானேம்மா. நாளைக்கே அனுப்பிட்டா நான் இப்பவே அடுக்க ஆரம்பிச்சிடுவேனே?"

"தேவைக்கு முன்னாடி போற மூட்டையெல்லாம் வீண் செலவு சார். நாளைக்கு உங்களுக்குப் பதினேழுதான். பதினேழுல யாரும் முழுகினதில்ல. தினமும் காலைல போன் போட்டு அளவு மட்டும் சொல்லிடுங்க."

வீட்டுக்கு வந்து மிர்னாவிடம் விவரம் சொன்னார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஏழாம் நாள்னு ஆத்துக்கிட்ட யார் போய்ச் சொன்னாங்க?"

"முத்திரை போட்டுக் கொடுத்திருக்காங்க மிர்னா."

"அப்போ சரி. அதைக் கொண்டுபோய் ஆத்துக்கிட்டக் காட்டிட்டு வா."

நாலாம் நாள் காலையில் ஆர்விட் கொல்லைக்கதவைத் திறந்தார். இருபது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். இருபதுதான். கீழே ரயில் பாலத்தில் ஐஸ் பாளங்கள் சிக்கி ஆற்றையே அடைத்துவிட்டிருந்தன. அடைபட்ட தண்ணீர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்து போனை எடுத்தார்.

"இருபதும்மா. இருபது!"

"பதினேழு சார்" என்றாள் பெர்னடீன்.

"நான் இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்!"

"நேரா நின்னு பாத்தீங்களா? நாலை ரெண்டால பெருக்கினா எட்டு, ஒன்பதைக் கூட்டினா பதினேழு. நானும் இப்பத்தான் பாத்தேன். பதட்டப்படாதீங்க, இன்ஸ்பெக்டரை அனுப்பறேன்."

இன்ஸ்பெக்டர் டெல்மர் வாஸ் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். கொல்லை மேட்டில் நின்று தொலைநோக்கியில் மரத்துப் பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பதினேழு என்று எழுதினார்.

"சார், இருபதுல நிக்குதே. தெரியலையா?"

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லா இருக்கு. ஆனா அதுல பதினேழு அடிதான் நம்ம மாவட்டத் தண்ணி. மேல இருக்கிற மூணு அடி அங்கீகாரம் இல்லாத தண்ணி."

"அது என் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா?"

"அத்துமீறி நுழைஞ்சதா புகார் கொடுங்க." சொல்லிவிட்டு டெல்மர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அளவு கோட்டுல இல்லைன்னு போன்ல சொல்லிட்டீங்க. பதிவாயிடுச்சு. இன்னிக்கு மத்தியானமே விசாரணை இருக்கும். கோட் போட்டுக்கிட்டு வாங்க, டைரக்டருக்குப் பிடிக்கும்."

பக்கத்துத் தெரு நர்ஸ் ஒருத்தியை மிர்னாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஆர்விட் விசாரணைக்குப் போனார். வழியெல்லாம் அவர் கண் ஆற்றின் பக்கமே இருந்தது. ஹாலில் தெருக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அடுத்த வீட்டு கோர்டி ஹெல்லண்ட் தலையைக் குனிந்துகொண்டு தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

ப்ரூயிட் மேஜைமேல் அட்டவணைகளை வரிசையாகப் பரப்பினார். "இந்தத் தெருவுல எல்லார் வீட்டுத் தண்ணியும் இன்னிக்குக் காலைல ஒழுங்கா ரெண்டு அடி ஏறியிருக்கு. ஒருத்தர் வீட்டுல மட்டும் அஞ்சு அடி குதிச்சிருக்கு. ஏன் மிஸ்டர் டோலெஃப்ஸன், உங்க வீட்டுக்கிட்ட வந்தா மட்டும் ஆறு ஏன் இப்படி நடந்துக்குது?"

"எல்லா வீட்டுக்கிட்டயும் அதே ஆறுதான் சார் ஓடுது! ரயில் பாலத்துல ஐஸ் அடைச்சுக்கிட்டிருக்கு!"

"ஐஸ்" என்று ப்ரூயிட் அந்த வார்த்தையைச் சப்பிப் பார்த்தார். "ஐஸ்ங்கிறது x-ஆ, y-ஆ?"

"ரெண்டும் இல்ல சார். ஐஸ்."

"அட்டவணைல ரெண்டே வரிசைதான் இருக்கு. மூணாவதா ஒண்ணைக் கொண்டுவந்து நுழைக்கறவங்களைப் பத்தி நாங்க என்ன நினைக்கிறது? ஒண்ணு, ஆத்துல நீங்க ஏதோ கோளாறு பண்ணியிருக்கணும். இல்லைன்னா பொய் சொல்லியிருக்கணும். முதலாவதுன்னா போலீஸ் விவகாரம். ரெண்டாவதுன்னா மூட்டைப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடுவோம். உங்களுக்கு எது வசதியோ சொல்லுங்க. இந்த அலுவலகம் யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல."

ஆர்விட் தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கோர்டி மட்டும் பின்னாலிருந்து சாய்ந்து காதோரம் முணுமுணுத்தார்.

"பதினேழுன்னு சொல்லித் தொலையேன்யா. நாங்க எல்லாரும் அதைத்தான் சொன்னோம். என் கொட்டகைல தண்ணி இடுப்பளவு நிக்குது, நான் சொல்லலையா?"

"பொய்யாச்சே கோர்டி."

"லாரி, கோடு நேரா இருக்கிறவன் வீட்டுக்குத்தான் வரும். மிர்னாவை நினைச்சுப் பாரு."

மிர்னாவை நினைத்துப் பார்த்தார். கட்டிலின் கால்களைச் சுற்றித் தண்ணீர் ஏறுவதும், அவள் கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டு கூப்பிடுவதும் கண் முன்னால் வந்தது. அதற்கு மேல் நினைக்க அவருக்குத் தெம்பில்லை.

"பதினேழு சார்" என்றார். "வயசாயிடுச்சு. கண்ணு சரியா தெரியல."

ப்ரூயிட் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி குடிமக்கள் இருக்கிறவரைக்கும் இந்த மாவட்டத்துக்கு வெள்ள பயமே இல்ல."

அன்று ராத்திரி முழுக்க ஆர்விட் மிர்னாவின் கட்டிலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்திக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் வாசற்படி நனைந்தது. முற்பகலில் தண்ணீர் கதவிடுக்கு வழியாக முன்னறைக்குள் வந்தது. கொஞ்சம் எண்ணெய் மிதந்தது, கொஞ்சம் வைக்கோல், யார் வீட்டுப் பூனைத்தட்டோ ஒன்று. கணுக்கால்வரை நின்ற அந்த ஜில்லென்ற தண்ணீரில் நின்றுகொண்டுதான் அவர் போனில் பேசினார்.

"அஞ்சாம் நாள். பத்தொன்பதுதானே சார்?" என்றாள் பெர்னடீன்.

மிர்னா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியலில் பேர் இருந்தால்தான் லாரி வரும். பேர் போய்விட்டால் எதுவும் வராது. பயம் ஒருவனை எதைத்தான் சொல்ல வைக்காது?

"பத்தொன்பதும்மா."

"உங்க கோடு எவ்ளோ அழகா போகுது தெரியுமா சார்! டைரக்டர் உங்களைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கார்."

லாரி வரவில்லை. கோர்டி வந்தார். தன் பெரிய டிராக்டரின் முன்னால் இருந்த மண் அள்ளும் பக்கெட்டில் வைக்கோலும் மெத்தையும் போட்டுக்கொண்டு, வாசல் வேலியை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நிறுத்தினார்.

"அவளை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரேய்யா!" என்று ஆர்விட் கத்தினார்.

"முழுகலாம்னு சொன்னாரா?" என்று கட்டிலிலிருந்து மிர்னா பதிலுக்குக் கத்தினாள். "தூக்குங்கடா ரெண்டு பேரும்!"

தூக்கினார்கள். வலியில் அவள் போட்ட அலறல் ஆர்விட்டின் காதில் பல நாள் இருந்தது. பக்கெட்டில் கம்பளி போர்த்திப் படுத்தபடி, தண்ணீருக்கு மேலே ஆளுயரத்தில் அவள் தெருவைக் கடந்து போனாள். ஆர்விட் டிராக்டரின் படியில் தொற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார்.

மேட்டில் இருந்த உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கக் கூடைப்பந்து மைதானத்தில் எல்லோருக்கும் மடக்குக்கட்டில் போட்டிருந்தார்கள். ஏழாம் நாள் காலையில் சொன்ன சொல் தவறாமல் லாரி கிளம்பியது. தெரு முழுகியிருந்ததால் முழுகாத கடைசி மேட்டில் மூட்டைகளை அழகாக அடுக்கிவிட்டுத் திரும்பியது. உரிய நாளில் மூட்டை வழங்கப்பட்டது என்று ஆர்விட்டுக்கு ஒரு சான்றிதழ் வந்தது.

ஒன்பதாம் நாள் பாலத்து ஐஸ் உடைந்தது. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் ஆறு தன் இடத்துக்குப் போய், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் சேறு காய்ந்து வெடித்தது. ஆனால் யாரும் வீட்டுக்குப் போக முடியவில்லை. ஆறு இறங்கிவிட்டது, கோடு இறங்கவில்லை.

ஒப்புதல் பெற்ற சமன்பாட்டுக்கு முடிவு தேதி என்று எதுவும் கிடையாது. நாளுக்கு இரண்டு அடி வீதம் அது ஏறிக்கொண்டே இருந்தது. இருபத்தாறாம் நாள் அறுபத்தோரு அடி. அன்று லுத்தரன் சர்ச்சின் கோபுரம் முழுகியது. அலுவலகத்தில் எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். ஜன்னல் வழியாகக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே செலுத்தினார்கள்.

மைதானத்துக்கு ஆறுதல் சொல்ல ப்ரூயிட் நேரில் வந்தார். "ரோடு காஞ்சிருக்கு, வீட்டுக்கு விடுங்கன்னு சில பேர் கேக்கறாங்க. ரோடு காஞ்சிருக்கிறதை நானும் பாத்தேன். அதுலதான் கார் ஓட்டிக்கிட்டு வந்தேன். ஆனா என் கண்ணு ஒரு தனி மனுஷனோட கண்ணு. சமன்பாட்டுல அஞ்சு கமிட்டி கையெழுத்துப் போட்டிருக்கு. அஞ்சு கமிட்டி தப்புன்னா அவங்களை நியமிச்ச நான் தப்பு. நான் தப்புன்னா உங்களுக்கு யார் இருக்கா? அந்த நிலைமைக்கு உங்களை நான் விடவே மாட்டேன்."

ஆர்விட் எழுந்துபோய் பெர்னடீனைக் கேட்டார். மிர்னாவுக்கு முதுகில் புண் வந்திருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல் வேறு. வீட்டுக் கட்டிலில் போட்டு, ஒரு நர்ஸை வைத்துப் பார்த்துக்கொள்ளாவிட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டிருந்தார்.

"இறங்கு கோடு போட்டுக் கொடுங்க சார், உடனே அனுப்பிடறோம்" என்றாள் பெர்னடீன். "ஆனா அது ஏற்கெனவே இருக்கிற கோட்டுலேர்ந்துதான் கிளம்பணும். இன்னிக்கு நீங்க அறுபத்தொன்பதுல இருக்கீங்க. அங்கேர்ந்து நாளுக்கு ரெண்டு ரெண்டு அடியா ஒழுங்கா இறங்கிட்டு வந்தீங்கன்னா, இருபத்து மூணுக்குக் கீழ வந்ததும் வீடு உங்களுது."

"அதுக்கு ஒரு மாசம் ஆகுமேம்மா! அவ செத்துப்போயிடுவா!"

"நாங்க என்ன சார் பண்றது? பதினேழு, பத்தொன்பதுன்னு நீங்க சொன்னதுதானே. இது உங்க கோடு."

அது உண்மைதான். அந்த உண்மை ஆர்விட்டைச் சாட்டையால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பி வந்து மிர்னாவின் கட்டிலோரம் உட்கார்ந்து, பெரிய மனிதர் என்று பாராமல் அழுதார்.

"அழுது முடிச்சிட்டியா?" என்றாள் அவள், காய்ச்சலில் உதடு வெடித்திருக்க. "கோர்டியைக் கூப்பிடு. எனக்கு வீட்டுக்குப் போகணும்."

"முழுகின இடத்துக்குப் போனா போலீஸ் வரும் மிர்னா."

"வரட்டும். நீச்சல் தெரிஞ்ச போலீஸா பாத்து அனுப்பச் சொல்லு."

மறுநாள் காலையில் கோர்டி தன் வேனில் மெத்தை போட்டு அவளைக் கொண்டுவந்து சேர்த்தார். வீட்டில் சேற்று நாற்றம் குடலைப் பிடுங்கியது. முன்னறையைக் கழுவித் துடைத்து, காற்றுக்காக வாசல் தாழ்வாரத்திலேயே கட்டிலைப் போட்டார்கள். நர்ஸை அழைத்து வர கோர்டி கிளம்பிப் போனார். மிர்னா வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆர்விட்டுக்கு உட்காரக்கூட முடியவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பயந்தபடியே ஒரு வண்டி வந்தது. பின்னால் சக்கரம் வைத்த மேடையில் ஒரு படகு. டெல்மர் வாஸ் வாசலில் நிறுத்தினார். தரையில் கால் படாமல் வண்டியின் பின்பக்கம் ஏறி அப்படியே படகுக்குள் தாவினார். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தார்.

"மிஸ்டர் டோலெஃப்ஸன்! நீங்க எழுபத்தோரு அடி தண்ணிக்கு அடியில இருக்கீங்க! ஏறி வாங்க!"

"காஞ்ச தரை சார் இது" என்றார் ஆர்விட். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"சார், நான் கெஞ்சிக் கேக்கறேன். ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு வரச் சொல்லி உத்தரவு. இல்லைன்னா மீட்பை மறுத்த குற்றத்துக்கு உங்களை உள்ள வெச்சுடுவாங்க. அந்தம்மா அப்புறம் தனியா கிடப்பாங்க."

ஆர்விட்டின் கால்கள் தாமாகவே படகை நோக்கி நடந்தன. ஒரு கையால் விளிம்பைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தார். அப்போதுதான் தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. தாழ்வாரத்தை விட்டு இறங்கியதிலிருந்தே அடக்கியிருக்கிறார். நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தது.

"ஆர்விட்" என்று தாழ்வாரத்திலிருந்து மிர்னா கூப்பிட்டாள். சத்தமாகக்கூட இல்லை. "நீ போறதுன்னா போ. நான் இங்கயே முழுகிக்கறேன். மறுபடி அந்த வலியைத் தாங்க என்னால ஆகாது."

அவர் மூச்சை விட்டார். காற்றுதான் உள்ளே வந்தது, சேற்று நாற்றத்தோடு. படகிலிருந்த காலை எடுத்துத் தரையில் வைத்தார். கொல்லைப்பக்கம் போய் மரத்துப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எட்டு" என்றார்.

"என்ன சார்?"

"இன்னிக்கு அளவு. எட்டு. எழுதிக்குங்க."

"அது கோட்டுல இல்லையே சார்."

"இல்ல. ஆத்துல இருக்கு."

டெல்மர் படகுக்குள் மெல்ல உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த பயத்தை ஆர்விட் உடனே அடையாளம் கண்டுகொண்டார். இத்தனை நாளாகத் தான் கண்ணாடியில் பார்த்துவந்த அதே பயம்தான்.

"எட்டுன்னு எழுதினா என்னை வேலைல வெச்சிருப்பாங்களா? எங்க ஒவ்வொருத்தர் பேர்லயும் கோடு போட்டு வெச்சிருக்காங்க சார். என் கோடு ஏற்கெனவே இறங்குமுகம்." டெல்மர் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுதி, மறைக்காமல் ஆர்விட்டிடம் காட்டினார். 'முப்பத்தொன்றாம் நாள். எழுபத்தோரு அடி. இந்த ஆழத்தில் வீடோ ஆட்களோ எதுவும் தெரியவில்லை.'

"என்னால முடிஞ்சது இவ்ளோதான். இனிமே உங்களைத் தேடி யாரும் வர மாட்டாங்க. இந்த விலாசத்துல வீடு இல்ல, நீங்களும் இல்ல. ஆனா எதுக்கும் நீங்க போன் பண்ண முடியாது. ஆம்புலன்ஸ் கேட்டாகூட எங்கேர்ந்து பேசறீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க." அவர் வந்த வழியாகவே தரையில் கால் படாமல் வண்டிக்குத் திரும்பினார். போகும்போது கைகூட அசைக்கவில்லை. இல்லாதவர்களுக்கு எப்படி அசைப்பது?

வண்டி தெருமுனை திரும்பியதும் ஆர்விட் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மிர்னா, நாம இல்லையாம்."

"சரி" என்றாள் அவள் கண்ணைத் திறக்காமல். "இல்லாதவளுக்கு முதுகு எரியுது. வந்து தலகாணியை மாத்து."

அடுத்த ஏப்ரலில் தண்ணீர் ஏறினால் யாரிடம் போய்ச் சொல்வது என்ற நினைப்பு அவருக்கு அப்போதே வந்துவிட்டது. அந்த நினைப்போடே எழுந்துபோய், அவள் தலையை மெல்லத் தூக்கி, தலையணையை மாற்றி வைத்தார்.